வராதவர் நேரம்

எங்கள் ஊரில் கடலுக்கு அடுத்தபடி பெரியது, கோயில் காரியமும் ஊர்க் காரியமும் பார்க்கும் பங்குப்பேரவை. கடலாவது சில நாள் சும்மா கிடக்கும். பேரவை அப்படிக் கிடந்து நான் பார்த்ததில்லை. ஊர் குமரிக் கடற்கரையில் இனயத்துக்குப் பக்கம். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அதற்கும் ஒரு கூட்டம் போடுவார்கள், அந்தக் கூட்டத்துக்கு நான் போய் உட்கார வேண்டிவரும்.

பேரவைக்குத் தலைவர் பங்குச் சாமியார். ஆனால் சாமியார்கள் மாறிப் போவார்கள். மாறாமல் இருப்பவர் துணைத்தலைவர் ஏசுஅடிமை. மஸ்கட்டில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் பார்த்தவர். அங்கே ஒரு ஆணி எடுக்கவும் மூன்று பேர் சம்மதிக்க வேண்டுமாம். அந்த நல்ல பழக்கத்தை ஊருக்குக் கொண்டுவந்தார். செயலாளர் செல்வதாஸ் சாதுவான மனுஷன். கோயில் மைக் அவர் கையில் இருக்கும், அவர் ஏசுஅடிமை கையில் இருப்பார்.

ஊரைத் தெருத்தெருவாக அன்பியங்களாகப் பிரித்திருக்கிறார்கள். அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் கூடி ஜெபம் சொல்வதற்காக ஏற்படுத்தியது. முன்பு நாங்கள் ஆளும் ஆளும் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். இப்போது அந்தோணியார் அன்பியமும் சவேரியார் அன்பியமும் போடுகின்றன. எங்களுக்கு வேலை மிச்சம்.

என் மகன் பெனின் சில வருடங்களுக்கு முன்னால் கடலுக்குப் போனான், திரும்பி வரவில்லை. அவன் போன வள்ளம் கொல்லத்துக்குத் தெற்கே கிடைத்தது. வலை அதிலேயே இருந்தது. உடல் கிடைக்கவில்லை. கல்லறைத் தோட்டத்தில் ஒரு சிலுவை நட இடம் கேட்டேன். உடல் வராமல் ஒருவரை இறந்தவர் என்று ஏற்க முடியாது என்று ஏசுஅடிமை தீர்மானம் போட்டார். இறந்தவர் இல்லையென்றால் இருப்பவர். இருப்பவருக்கு உள்ள ஊர்முறைகள் எல்லாம் அவனுக்கு வந்துகொண்டே இருந்தன. திருவிழாவில் சப்பரம் தூக்கும் முறை வந்தது. கல்லறைத் தோட்டம் பெருக்கும் முறையும் வந்தது. அங்கே அவனுக்கு இடம் கிடையாது, ஆனால் பெருக்க வேண்டும். நான் போய்ப் பெருக்கினேன்.

அவன் போனதிலிருந்து ஊரில் யாரும் அவன் பெயரைச் சொல்வதில்லை. எங்கள் மனம் நோகக் கூடாதாம். "ஒங்க மூத்தவன்" என்பார்கள், "அந்தப் பையன்" என்பார்கள். தெற்குத் தெருவில் இன்னொரு பெனின் உண்டு. அவனைக்கூட எங்கள் வீட்டுப் பக்கத்தில் வைத்து "ஏலே" என்று மட்டும்தான் கூப்பிட்டார்கள். நல்ல எண்ணம்தான். என் மகள் குளோரிக்கு அது பொறுக்கவில்லை.

குளோரி மார்த்தாண்டத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். கோயில் பாடல் குழுவில் பாடுவாள். குவைத்துக்கு விசா வந்திருந்தது. போவதற்கு முன்னால் அண்ணனைப் பற்றி ஒரு பாட்டு எழுதி, அதை வீடியோவாக எடுத்து யூடியூபில் போட வேண்டும் என்றாள்.

"அதெல்லாம் எதுக்குட்டி?" என்றேன்.

"அவன் பேர யாராவது ஒரு வாட்டி சத்தமா சொல்லணும்ப்பா. எனக்கு அது போதும்."

பாட்டில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. 'வள்ளம் வந்தாச்சு பெனின் அண்ணா, வலையும் வந்தாச்சு பெனின் அண்ணா, வாசலிலே செருப்பு கெடக்கு, வந்து மாட்டிட்டுப் போ அண்ணா.' அவ்வளவுதான். செருப்பு உண்மையாகவே கிடக்கிறது. என் வீட்டுக்காரி செசிலி அதை எடுக்க விடமாட்டாள்.

வீடியோ எடுக்க மார்த்தாண்டத்திலிருந்து ஷாஜன் வந்தான். கல்யாண வீடியோ எடுப்பவன். புதுக் கேமரா வாங்கியிருந்தான். கூட, குளோரியோடு படித்த ஷீஜா வெள்ளித்தாள் ஒட்டிய பலகையைப் பிடிக்க வந்தாள். இதுதான் சினிமாக் கம்பெனி. கேமராவைப் பார்த்ததும் எனக்கு நம்பிக்கை விட்டுப்போனது. பழைய கேமரா தோளில் ஏறி உட்காரும், பார்த்தால் ஒரு மரியாதை வரும். இது போட்டோப் பிடிக்கிற கேமரா.

"லேய், இதுல ஆளு அசையுமா?" என்று கேட்டேன்.

"மாமா, இப்ப சினிமாவே இதுலதான் எடுக்கியாவ. பின்னாடி உள்ளதெல்லாம் மங்கலாத் தெரியும், ஆளு மட்டும் தெளிவாத் தெரியும்."

"பின்னாடி உள்ளத மங்கலாக்கதுக்கு எதுக்குலே இவ்வளவு பைசா?"

கடற்கரையில் மூன்று கால் ஸ்டாண்டை ஊன்றினான். குளோரியை வள்ளத்தின் பக்கத்தில் நிறுத்தினான். "பொண்ணு கொஞ்சம் சிரிக்கணும்" என்றான். கல்யாணப் பழக்கம். அண்ணன் கடலில் போன பாட்டு என்று ஷீஜா அவன் காதில் சொன்னாள். "அப்போ லேசா சிரிச்சாப் போதும்" என்றான்.

அதற்குள் கோயில் ஒலிபெருக்கிக் குழாயில் செல்வதாஸ் குரல் வந்தது. கடற்கரையில் முன் அனுமதியின்றிக் கேமரா வைத்திருப்பவர்கள் உடனடியாகப் பேரவை அலுவலகத்துக்கு வரும்படி கேட்டுக்கொண்டது. அந்த வார மீன் ஏலம் பற்றியும் சொன்னது.

போனோம். ஏசுஅடிமை மேசைக்குப் பின்னால் இருந்தார். பக்கத்தில் சாமியார். சாமியார் இளம் வயசுக்காரர், நல்லவர். எதைக் கேட்டாலும் "பேரவை சொன்னா செரி" என்பார். அவரை அந்த நாற்காலியில் கட்டிப்போடவில்லை, ஆனாலும் அவர் எழுந்து நான் பார்த்ததில்லை.

ஏசுஅடிமை பேசினார். "இந்தப் பேரவை கலைக்கு எதிரி அல்ல. யாரையும் நாங்கள் தடுப்பதில்லை. எங்களைக் கேட்காமல் செய்பவர்களை மட்டுமே தடுக்கிறோம். கேட்டுச் செய்பவர்களுக்கு, செய்ய வேண்டாம் என்று மட்டும் சொல்கிறோம். இதில் என்ன சுதந்திரக் குறைவு?"

சாமியார் தலையாட்டினார்.

பாட்டை வாசிக்கச் சொன்னார்கள். குளோரி வாசித்தாள். செல்வதாஸ் ஜன்னலைப் பார்த்தார். அவரும் பெனினும் ஒரே பந்துக் குழுவில் ஆடியவர்கள்.

ஏசுஅடிமை தொண்டையைச் செருமினார். "பெயர் வேண்டாம்."

"ஏன்?" என்றாள் குளோரி.

"ஒரு வீட்டுப் பெயரைச் சொன்னால் மற்ற வீட்டுக்காரர்கள் கேட்பார்கள். இந்த ஊரில் கடல் எடுத்தது ஒருவரை மட்டுமா? மேலும், பேரவையின் நிலைப்பாட்டின்படி அவர் இறக்கவில்லை. இறக்காத ஒருவருக்கு ஒப்பாரி பாடுவது பேரவையைப் பொய்யாக்குவது. பெயருக்குப் பதிலாக 'அன்பு உறவே' என்று போடலாம். எல்லாருக்கும் பொருந்தும்."

"எங்க அண்ணன் பேரு அன்பு உறவா?" என்றாள்.

"ஏட்டி, மெதுவா" என்றேன். ஏசுஅடிமைக்குப் பயந்து அல்ல. குவைத்துக்குப் போக அவளுக்கு ஞானஸ்நானச் சான்றிதழ் வேண்டியிருந்தது, அது அந்த மேசையின் மேல்தான் கையெழுத்தாகும். ஏசுஅடிமைக்கும் அது தெரியும். அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. மேசை மேல் இருந்த முத்திரையை மட்டும் கொஞ்சம் நகர்த்தி வைத்தார்.

அடுத்தது செருப்பு. செருப்பு என்பது பக்திக்கு உகந்த சொல் இல்லையாம். 'ஜெபமாலை' என்று மாற்றச் சொன்னார்.

"வாசல்ல ஜெபமாலைய எவன் போடுவான்?" என்றேன் நான்.

"ததேயுசு, நீரு கவிதையில தலையிடாதேயும்" என்றார் ஏசுஅடிமை.

மார்த்தாண்டத்தில் ஒரு ரிக்கார்டிங் அறையில் பாட்டைத் திரும்பப் பாடினாள். அன்பு உறவே, வள்ளம் வந்தாச்சு. அன்பு உறவே, ஜெபமாலை கெடக்கு. செசிலி அதைக் கேட்டுவிட்டு, "இது எந்த வீட்டுப் பாட்டுட்டி?" என்று கேட்டாள். குளோரி உள்ளே போனாள். அதோடு விட்டுவிடுவாள் என்று நான் நினைத்தேன். விடவில்லை. பெயர்தான் இல்லை, அவன் தங்கச்சி முகத்தையாவது ஊர் பார்க்கட்டும் என்றாள்.

படப்பிடிப்பை ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று பேரவை சொன்னது. ஞாயிறு யாரும் தொழிலுக்குப் போகக் கூடாது என்பது ஊர்ச் சட்டம், எல்லாரும் கரையில் இருப்பார்கள். அதற்கு முந்தின கூட்டத்தில்தான் புதுத் தகராறு கிளம்பியது. முதல் நாள் ஷாஜன் கேமராவை வைத்த இடத்தில் பின்னால் சவேரியார் அன்பியத்து வீடுகள் தெரிந்ததாம். தங்கள் வீடுகள் ஏன் வரவில்லை என்று அந்தோணியார் அன்பியத்துக்காரர்கள் எழுந்தார்கள்.

"மாமா, பின்னாடி மங்கலாத்தான் தெரியும்" என்று ஷாஜன் என்னிடம் முனகினான். நான் எழுந்து அதைச் சொன்னேன்.

"சவேரியார் அன்பியம் மங்கலா? அதெப்படி மங்கலாவும்?" என்று இப்போது சவேரியார் அன்பியத்துக்காரர்கள் எழுந்தார்கள். நான் உட்கார்ந்துவிட்டேன்.

ஏசுஅடிமை தீர்ப்புச் சொன்னார். ஊர்முறை உள்ள அத்தனை ஆண்களும் பாட்டில் வர வேண்டும். ஒவ்வொருவராக வந்து, பாடுகிறவள் பக்கத்தில் நின்று, கேமராவைப் பார்த்துவிட்டுப் போக வேண்டும். கல்யாண மேடையில் செய்வது போலத்தான். எல்லாருக்கும் பழக்கமான முறை. பெண்கள் வேண்டாமா என்று குளோரி கேட்டாள். "பாடுவது பெண்தானே. இதைவிட என்ன பங்கு தர முடியும்?" என்றார்.

ஆளுக்கு எவ்வளவு நேரம்? கடிகாரத்தை யாரும் நம்பவில்லை. ஆளுக்கு ஒரு 'அருள் நிறைந்த மரியே' சொல்லும் நேரம் என்று முடிவானது. அந்தோணியார் தெருவில் வேகமாகச் சொல்வார்கள், சவேரியார் தெருவில் இழுத்துச் சொல்வார்கள் என்று அடுத்த பிரச்சினை. ஆகவே மைக்கில் செல்வதாஸ் மட்டும் சொல்வார். ஒரே வாய், ஒரே வேகம். சாமியார் முதல்தடவையாக எழுந்து, "ஜெபத்த இப்படி..." என்று ஆரம்பித்தார். எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். "பேரவை சொன்னா செரி" என்று உட்கார்ந்தார்.

பிறகு ரத்தினம் எழுந்தான். அவனுக்கு மூன்று பையன்கள் துபாயில். "அவனுவ நேரத்தயும் நானே நின்னு தீத்துக்கிடட்டா?"

பெரிய கூச்சல். ஒருவன் முகம் நான்கு தடவை வருவதா? ஏசுஅடிமை கையை உயர்த்தினார். "வராதவர் நேரம் வராதவருக்கே. அதை யாரும் எடுக்கக் கூடாது. பெயரைக் கூப்பிட வேண்டும், அவர் இடத்தைக் காலியாக விட வேண்டும், ஜெபம் முடியும் வரை கேமரா ஓட வேண்டும். வெளிநாட்டில் இருந்தால் வீட்டுக்காரர்கள் ஊரைச் சொல்லலாம். பதில் இல்லாவிட்டால் மூன்று முறை கூப்பிட வேண்டும். ஒழுங்கு எல்லாருக்கும் ஒன்றுதான்."

ஷாஜன் எழுந்து நின்றான். "சார், பாட்டு நாலு நிமிஷம். வரிசை சாயங்காலம் வரைக்கும் போவும்."

"பாட்டைத் திரும்பத் திரும்பப் போடும்."

"கூப்பிடுற சத்தமெல்லாம் உள்ள விழும்."

"விழ வேண்டும். அறிவிப்பு இல்லாமல் வந்தால் ஆளுக்கு என்ன மரியாதை? அறிவிப்பை வெட்டினால் படம் வெளியே போகாது. எழுதிக்கொள்ளும் செல்வதாஸ்."

ஞாயிறு வந்தது. பூசை முடிந்து சாமியார் கேமராவை மந்திரித்தார். தீர்த்தம் தெளித்தபோது ஷாஜன் குப்புற விழுந்து கேமராவை நெஞ்சோடு மூடிக்கொண்டான். தீர்த்தம் அவன் முதுகில் விழுந்தது. பக்தியான பையன் என்று பெண்கள் சொன்னார்கள்.

ஊரே கல்யாணத்துக்கு வந்தது போல வந்திருந்தது. பட்டு வேட்டி, இஸ்திரி போட்ட சட்டை, சென்ட். பழக்கதோஷத்தில் சிலர் மொய்க் கவர் கொண்டுவந்து குளோரி கையில் திணித்தார்கள். ரத்தினம் ஒரு சுவர்க்கடிகாரத்தைப் பூப்போட்ட தாளில் சுற்றிக் கொண்டுவந்திருந்தான். "மாப்பிள எங்க?" என்று ஒரு கிழவர் கேட்டார். பாட்டுக்கு மாப்பிள்ளை கிடையாது என்று சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது. சோறு உண்டா என்று அடுத்துக் கேட்டார்.

வள்ளத்தின் முன்னால் குளோரி நின்றாள். வெயில் ஏறியது. செல்வதாஸ் குடை போட்ட மேசையில் இருந்து கூப்பிடுவார். ஆள் வந்து குளோரி பக்கத்தில் நிற்பான். செல்வதாஸ் ஜெபம் சொல்வார். ஆமென் இல்லை. ஆமென் சொன்னால் நேரம் கூடும் என்று அதை எடுத்துவிட்டிருந்தார்கள். ஜெபம் முடிந்ததும் ஆள் போவான், அடுத்த பெயர். நடுவில் 'அன்பு உறவே' கொஞ்சம் ஓடும். துபாய், சார்ஜா, கத்தார் என்று வீட்டுக்காரர்கள் குரல் கொடுத்த இடங்களில் ஷாஜன் காலி மணலைப் படம் பிடித்தான். "மாமா, மண்ணெல்லாம் நல்லாத் தெளிவா விழுது" என்றான் என்னிடம். அவனுக்கு வெயில் ஏறியிருந்தது.

வீட்டுக்கு வீடு சின்னவர்கள் முதலில், பெரியவர்கள் பிறகு. ஏசுஅடிமை வீடு கடைசி, அவர் எல்லாருக்கும் கடைசியில் வர வேண்டும் என்பதற்காக அப்படி. நான் நிற்கப் போவதில்லை என்று செசிலியிடம் சொல்லியிருந்தேன். எங்கள் தெரு வந்தது. குளோரி கண்ணில் ஈரம் இல்லை, களைப்புதான் இருந்தது. ஷாஜன் சொல்லிக் கொடுத்த மாதிரி ஒரு கையை இடுப்பில் வைத்திருந்தாள். பக்கத்து வீட்டுக்காரன் வந்து நின்றான், போனான்.

"ததேயுஸ் மகன் பெனின்" என்றது மைக்.

செல்வதாஸ் காலையிலிருந்து கூப்பிட்ட வேகத்தில் கூப்பிட்டுவிட்டார். சொன்ன பிறகுதான் அவருக்கே கேட்டது. நிறுத்திவிட்டு ஏசுஅடிமையைப் பார்த்தார்.

அத்தனை வருடத்துக்குப் பிறகு அந்தப் பெயர் கோயில் கோபுரத்துக் குழாய்கள் எல்லாவற்றிலும் போய்த் திரும்பி வந்தது. குளோரியின் கை இடுப்பிலிருந்து இறங்கியது.

ஏசுஅடிமைக்கு வேர்த்தது. விட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போகச் சொல்லலாம். ஆனால் அந்தோணியார் அன்பியம் பார்த்துக்கொண்டிருந்தது, சவேரியார் அன்பியம் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு பெயரை விட்டால் எல்லாப் பெயருக்கும் கேள்வி வரும். பேரவைக் கணக்கில் என் மகன் இருப்பவன்.

"வீட்டுக்காரங்க ஊரச் சொல்லலாம்" என்றார் என்னைப் பார்த்து. கெஞ்சுகிற குரல்.

நான் என்ன சொல்வது? சார்ஜாவா, கத்தாரா? எனக்குத் தெரிந்தால் அல்லவா சொல்ல.

"பதில் இல்ல" என்றார் செல்வதாஸ் மெதுவாக.

"அப்போ கூப்பிடும்" என்றார் ஏசுஅடிமை. "ஒழுங்கு எல்லாருக்கும் ஒண்ணுதான்."

"ததேயுஸ் மகன் பெனின்."

கரையில் நின்ற அத்தனை பேரும் கடல் பக்கம் திரும்பினார்கள். யாரும் சொல்லித் திரும்பவில்லை. கூப்பிட்ட ஆள் அந்தப் பக்கத்திலிருந்துதான் வர வேண்டும் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. செசிலி கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தாள்.

"ததேயுஸ் மகன் பெனின்."

மூன்றாவது தடவை செல்வதாஸ் அறிவிப்பு மாதிரிச் சொல்லவில்லை. பந்துக் களத்தில் கூப்பிடுகிற மாதிரிச் சொன்னார்.

பிறகு நேரம் சொல்ல ஆரம்பித்தார். அருள் நிறைந்த மரியே. ஷாஜன் கேமராவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. குளோரி கேமராவைப் பார்க்கவில்லை. தன் பக்கத்தில் காலியாக இருந்த மணலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். 'எங்கள் இறப்பின் வேளையிலும்' என்று வருகிற இடத்தில் செல்வதாஸ் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். ஆனால் நிறுத்த முடியாது. நிறுத்தினால் வராதவர் நேரம் குறைந்துவிடும். சொல்லி முடித்தார்.

கரை முழுவதும் "ஆமென்" என்றது. சவேரியார் அன்பியமும் சொன்னது, அந்தோணியார் அன்பியமும் சொன்னது. பெண்கள் சத்தம் தனியாகக் கேட்டது. சாமியார் நாற்காலியை விட்டு எழுந்து நின்று சொன்னார். அதற்குத் தீர்மானம் எதுவும் இல்லை.

ஏசுஅடிமை தண்ணீர் குடித்தார். குற்றம் பிடிக்க வழி இல்லை. பாட்டில் பெயர் இல்லை. அறிவிப்பில்தான் இருக்கிறது. அறிவிப்பை வெட்டக் கூடாது.

"சூசை மகன் ததேயுஸ்" என்றார் செல்வதாஸ்.

நிற்கப் போவதில்லை என்று சொன்னவன் நான். போனேன். குளோரிக்கு ஒட்டி நிற்காமல், நடுவில் ஓர் ஆள் நிற்கும் இடத்தை விட்டு நின்றேன். அவள் திரும்பி அந்த இடத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

ஷாஜன் கேமராவிலிருந்து தலையைத் தூக்கினான். "மாமா, கொஞ்சம் ஒட்டி நில்லுங்க. நடுவுல இடம் கெடக்கு."

"கெடக்கட்டும். நீ எடுலே" என்றேன்.